பின்பக்கம் வெள்ளை

மஞ்சக்குப்பத்தில் நான் வேலை பார்ப்பது ஜெராக்ஸ் கடை.
திங்கட்கிழமை, மனுநாள்,
படி இறங்கித் தெருவரைக்கும் வரிசை.
மை கசிந்தது, கோணலாய் விழுந்தது,
கைரேகை பாதியில் வெட்டுப்பட்டது
எல்லாம் மேசைக்குக் கீழே அட்டைப்பெட்டியில்.
கேட்டேன்.
"எடுத்துக்கோ ஜெசிந்தா,
பின்பக்கம் வெள்ளைதானே" என்றார் முதலாளி.

இந்த வருஷம் கேக் கிடையாது.
இவருக்கு சிப்காட்டில் ஷிப்ட் நின்று மூன்று மாதம்.
ரேஷன் பச்சரிசி இருக்கிறது.
ஊறவைத்து மில்லில் கொடுத்து வாங்கினால்
வங்கக்கடலில் புயல் சின்னம்;
ஈரமாவு இவர் வேட்டியில் பரந்து
மின்விசிறிக்குக் கீழே இரண்டு நாள் படுத்திருந்தது.
நாங்கள் சுவரோரம் ஒண்டிக்கொண்டோம்.

எட்டு முட்டை கேட்கிற மாவுக்கு ஐந்து.
தேங்காயை இரண்டாம் பால் தாண்டி
மூன்றாம் பாலும் பிழிந்தாயிற்று.
முந்திரி
பண்ருட்டி பஸ்ஸில் வருகிறவளிடம் குருணை, கால் கிலோ.
முழுப்பருப்பு கப்பலேறிப் போகட்டும்.

அச்சு இரவல்.
இரவல் அச்சு எண்ணெயில் இறங்கியதும்
பிடித்ததை விடமாட்டேன் என்றது.
முதல் ஐந்தும் கந்தல்.
உடைந்தது பிள்ளைகளுக்கு என்று சொல்லிவைத்திருந்தேன்.
இரண்டும் அடுப்பண்டை நின்று
கண்ணை மூடி ஜெபித்தன,
ஆறாவதும் ஒட்ட வேண்டும் ஆண்டவரே என்று.

நோட்டை எடுத்தேன். போன வருஷம் பதினெட்டு வீடு.
யாரை அடிப்பது?
மாடி வீட்டு வேதவல்லி?
அவள் தீபாவளிச் சோமாசி வந்த டப்பா
இன்னும் நம் அலமாரியில்.
மெஹருன்னிசா?
பக்ரீத் கறியை எந்த முகத்தோடு மறப்பது?
பேனா சுற்றிச் சுற்றி வந்து
வீட்டில் கைவைக்காமல் எண்ணிக்கையில் கைவைத்தது:
பொட்டலத்துக்குப் பதினைந்து, இனி பன்னிரண்டு.

ரஸ்க் வந்த கவர்கள், கழுவிக் காயவைத்தவை.
மெழுகுவர்த்திச் சுடரில் வாயை ஒட்டினார் இவர்,
வேலைக்குப் போகும்போது இருந்த அதே கவனத்தோடு.
மேலே மனுத்தாள், வெள்ளை வெளியே.
டெய்லர் கடை வெட்டுத்துணி ரிப்பன்.
உள்ளே யாருக்கும் தெரியாமல்
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு
பதினெட்டு வணக்கம்.

வீட்டுக்காரர் தணிகாசலத்துக்கு மட்டும்
தாளைப் பொறுக்கித்தான் எடுத்தேன்.
பொருள்: குடிநீர்க் குழாய் இணைப்பு வேண்டி.
இரண்டு மாத வாடகை பாக்கி இருக்கிறவள்
வாயால் கேட்க முடியாது.

இருபத்தேழாம் தேதி பெனடிக்டா வந்தாள்.
குடையை மடக்கி, பையிலிருந்து எடுத்து நீட்டினாள்.
தங்க நிறக் கடை ரிப்பன்.
"தெரிஞ்சவங்க குடுத்தாங்க, நல்ல கை."
காபி குடித்தாள். போனாள்.
ரிப்பனை அவிழ்த்தேன்,
சுருக்கம் நீவி அடுத்த வருஷத்துக்கு வைத்தேன்.
தாளைப் பிரித்தேன்.
எண்ணெய் ஊறிய இடத்தில் எழுத்து இன்னும் தெளிவு:
குடிநீர்க் குழாய் இணைப்பு வேண்டி.

எத்தனை வீடு ஏறி இறங்கிற்றோ.
கவரின் வாயில் எங்கள் ஒட்டுக்குப் பக்கத்தில்
இன்னொரு சுடரின் கரி.
எண்ணினேன். பதினொன்று.
யாரோ ஒருத்தர் பொறுக்க மாட்டாமல்
ஒன்றைத் தின்றிருக்கிறார்கள்.
இவர் சிரித்த சிரிப்பில்
அடுத்த போர்ஷன் கதவு திறந்தது.
அந்த ஒருத்தர் யாராயிருக்கும் என்று
ராத்திரி வெகுநேரம் பேர் சொல்லிப் பார்த்தோம்.
தணிகாசலமாய் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.
அந்த ஆளுக்கு சர்க்கரை வியாதி என்றார் இவர்.

காலையில்தான் ஞாபகம் வந்தது,
நோட்டில் தபால்காரர் ஏகாம்பரம் பெயரே இல்லை.
பதினொன்றோடு
பிள்ளைகள் தலையணைக்கடியில் பதுக்கிய உடைசலில்
முக்கால் முழுசாயிருந்த ஒன்றைப் பிடுங்கிச் சேர்த்தேன்.
சண்டை.
மெழுகுவர்த்தி கொளுத்தினேன்.
தாளை மடிக்கப் போன கை நின்றது.
திருப்பி மடித்தேன்,
பெறுநர் வெளியே தெரிய.