நாடா இல்லாத நடை

இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடந்த மூன்றாம் தளத்துக்கு
மார்ச் மாதம் லாரிகளில் ஆட்கள் வந்தார்கள்.
வெளிச்சக் குடைகள், சுருள் சுருளாக வயர்,
பீட்ரூட் சூப் கொதிக்கும் ஒரு டிரம்.
படம் எடுக்கிறார்கள் என்றாள் நர்ஸ் டோப்ராவா.
எதைப் பற்றி?
"உங்களைப் பற்றித்தான்" என்றவள்
உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

வூச் நகரத்துக்குப் படப்பிடிப்பு புதிதல்ல.
டிராம் நிறுத்தத்தில் போர்க்காலச் சிப்பாய்கள் நின்று
கைபேசி பார்ப்பார்கள்.
ஆனால் எங்கள் தலைக்கு நேர் மேலே
எங்களையே கட்டிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் சுவர் பீச் பழ நிறம்.
அதில் ஒரு முள்ளெலி ஓவியம்,
ஒரு கண்ணை யாரோ சுரண்டிவிட்டார்கள்.
அவர்கள் மேலே சாம்பல் பூசினார்கள்.
ஜன்னலுக்குக் கம்பி வைத்தார்கள்.
ரப்பர் கம்பி,
க்னியெவ்கோ திருட்டுத்தனமாக ஏறிப்போய்
வளைத்துப் பார்த்துவிட்டு வந்தான்.
எங்கள் ஜன்னலில் கம்பி கிடையாது.
நான்கு விரல் அகலத்துக்கு மேல் திறக்காது, அவ்வளவுதான்.
நான்கு விரலைப் படம்பிடிப்பது கஷ்டம் போலிருக்கிறது.

இரவில் மேலே ஒரு பெண் அலறினாள்.
ஒரே அலறல், பதினோரு முறை,
நடுநடுவே "கட்".
இருட்டில் படுத்தபடி மதிப்பெண் போட்டோம்.
ஏழாவதற்கு ஆறுக்கு ஆறு.
எங்கள் தளத்தில் அப்படி அலறுவது
லிஃப்ட் மட்டும்.

ஒரு வியாழக்கிழமை அவளே கீழே வந்தாள்.
தலைமுடியைக் கலைத்துவிட
அவளுக்குத் தனியாக ஓர் ஆள் உண்டாம்.
பார்வையாளர் அறையில், முழங்காலில் நோட்டு வைத்து,
"அந்த நேரத்தில் உள்ளே எப்படி இருக்கும்?" என்றாள்.

யாரும் பேசவில்லை. ரேடியேட்டர் பேசியது.
கடைசியில் க்னியெவ்கோ சொன்னான்:
"நாலரைக்குப் போன் தருவார்கள். பத்து நிமிடம்.
அதில் ஏழு நிமிடம் என் அம்மா வானிலை சொல்வாள்.
அப்படி இருக்கும்."
எழுதப் போனவள் எழுதவில்லை.

அப்போதுதான் போக்னா,
குழுவட்டத்தில் தன் முறை வரும்போதெல்லாம்
"அடுத்தவர்" என்று மட்டும் சொல்லும் போக்னா,
அவள் பாதங்களைப் பார்த்துச் சொன்னாள்:
"உன் நடை தப்பு.

நாங்கள் தேய்த்து நடப்பது சோகத்தால் இல்லை.
வந்த அன்றே ஷூ நாடாவை உருவி
உறையில் போட்டுப் பெயர் எழுதிவிடுவார்கள்.
கழன்று ஓடாதிருக்க
விரல்களை உள்ளே மடக்கிப் பிடிக்க வேண்டும்.
குதிகாலைத் தூக்காதே.
தூக்காதே என்றேன்!"

முப்பத்திரண்டு அடி நடைவழி.
போக, வர, போக, வர.
மாத்திரை வண்டி ஓரமாய் ஒதுங்கி நின்றது.
டோப்ராவா கடிகாரத்தைப் பார்த்தாள்,
பிறகு பார்க்காததுபோல் இருந்தாள்.

மறு வருடம் பியோட்ர்கோவ்ஸ்கா தெருவில்
மாணவர் சலுகையில் இரண்டு டிக்கெட்.
பக்கத்து இருக்கைப் பெண்மணி
கழுத்துத் துணியில் முகம் புதைத்து அழுதாள்.
வயலின் வரும்போதெல்லாம் கேமரா முகத்துக்குப் போனது.
நான் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரே ஒரு இடத்தில், முதுகுப்பக்கமிருந்து,
நாலு விநாடி
அந்த நடை.
என் பூட்ஸுக்குள் விரல்கள் தாமாகவே மடங்கின.

"இடது கால் சரியில்லை" என்றாள் போக்னா,
சூரியகாந்தி விதை கொறித்தபடி, சத்தமாக.
யாரோ "உஷ்" என்றார்கள்.

படத்தில் அந்தப் பெண் மழையில் கடலை நோக்கி ஓடித்
தேறிவிடுகிறாள்.
எங்கள் ஊரிலிருந்து கடலுக்கு நாலு மணி நேர ரயில்.
நாங்கள் தேறியது, தேறியிருந்தால்,
செவ்வாய்க்கிழமைகளில்,
லித்தியம் அளவு பார்க்க ரத்தம் கொடுக்கும் வரிசையில்.

பெயர்கள் ஏறிக்கொண்டே போயின.
சூப் கொடுத்த நிறுவனத்தின் பெயர் இருந்தது.
போக்னா கடைசி எழுத்துவரை உட்கார்ந்திருந்தாள்.
விளக்கு வந்ததும் மடியிலிருந்த தோல்களை
ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டாள்.

வெளியே பனியும் மழையும் கலந்து விழுந்தது.
அவள் இடது பூட்ஸின் நாடா அவிழ்ந்து
சகதியில் இழுபட்டது.
சொன்னேன். குனியவில்லை.
டிராம் நிறுத்தம்வரை, தெருவையே தேய்த்துக்கொண்டு,
குதிகால் தூக்காமல்,

"இப்படி" என்றாள்.
"பார். இப்படி."