வெள்ளை ஓரம்

ஒரு படம் மூணு ரூபா தொண்ணூறு காசு.
ஐம்பதுக்குக் கீழே போனால்
அனுப்புகூலி எழுபத்தொன்பது தனி.

என் போனில் தேடினேன்.
ரேஷன் அட்டை, குழுக்கடன் ரசீது,
காற்று எச்சரிக்கை, பூப்போட்ட காலை வணக்கம்,
விரல் மறைத்து எடுத்த இருட்டு.
அச்சுக்குத் தேறியது பதினாலு.

அதனால் வல்லத்தில் கேட்டேன்.
டீசலுக்குப் பங்கு போடுகிற பதினொரு பேரும்
படத்துக்கும் பங்கு என்றோம்.
சின்னப்பாலத்தில் ஒருத்திக்குக் கட்டுபடியாகாதது
ஒரு வல்லத்துக்கு ஆகும்.

வாட்ஸப்பில் போட்டால் படம் தேய்ந்துவிடும்,
டாக்குமென்ட்டாக அனுப்புங்கள் என்றேன்.
முனியசெல்விக்குப் போனே திறக்கவில்லை.
பாசி பிடுங்கிப் பிடுங்கிப்
பாறை அறுத்த விரல்.
ரேஷன் கடை மெசினும் இவளை நம்பாது
என்றாள் நம்புராணி.
கோடு இழுத்துத் திறந்தோம்.

சண்முகக்கனி மகன் காதுகுத்து, நாலு.
ஜெசிந்தாவின் ஆடு, ரெண்டு.
ஆட்டுக்கா? என்றேன்.
வித்துட்டேன் என்றாள்.
சேர்த்துக்கொண்டேன்.
பஞ்சவர்ணம் புருஷன் படத்தின்மேல்
மஞ்சள் முக்கோணம் வந்தது: தரம் குறைவு.
அது தெரிஞ்சதுதான், போடு என்றாள்.

கடைசியாக, எல்லாருக்குமான படம்.
மாசியில் கடல் அசையாமல் கிடந்த அன்று
லியோன் அணியத்தில் நின்று எடுத்தது.
இடுப்பளவுத் தண்ணீரில் நாங்கள்.
ஆம்பளைச் சட்டை, தலைத்துண்டு,
நெற்றியிலிருந்து மூக்குவரை கண்ணாடி,
விரலெல்லாம் துணிச்சுற்று.
ஆளுக்கொன்று, பதினொன்று.

மொத்தம் அறுபது.
இருநூற்று முப்பத்துநாலு ரூபாய்.
ராமேஸ்வரம் ஸ்டுடியோவில்
இந்தக் காசுக்குப் பன்னிரண்டுகூட வராது.
படத்துக்கு நாலு ரூபாய் என்று வாங்கினேன்.
மிச்ச ஆறு ரூபாய்க்குக் கணக்குக் கேட்டதால்
கடலைமிட்டாய்.

கூரியர்காரர் எங்கள் மணலுக்குள் வண்டி விடமாட்டார்.
பாம்பன் மருந்துக்கடையில் வைத்துவிட்டு
கொடுத்தாயிற்று என்று மெசேஜ் அனுப்பினார்,
ஒன்பதாம் நாள்.

தார்ப்பாயில் பிரித்தோம்.
எங்கள் ஊர்க் காற்று தெரியும்தானே,
ஆளுக்கொரு கட்டு, கட்டுக்கொரு ஈயக்குண்டு.
ஈரக்கையோடு தொடாதீங்கடி என்று கத்தினேன்.
யாருக்கு இங்கே காய்ந்த கை?

இடமிருந்து மூணாவது நான் என்றாள் நம்புராணி.
அதே மூணாவது நான் என்றாள் ஜெசிந்தா.
கோடுபோட்ட சட்டை எங்க வீட்டு ஆளுது.
அன்னைக்கு அதை எனக்குத்தானே குடுத்த.
ரெண்டு பேரும் விடவில்லை.
பஞ்சவர்ணம்தான் எண்ணினாள். பத்து.
ஈயக்குண்டை நகர்த்திவிட்டு எண்ணினாள்.
பத்து.

அகலமாக எடுத்ததை
நாலுக்கு ஆறு தாளில் அடக்க
வலது ஓரத்தை நறுக்கியிருந்தார்கள்.
நறுக்கப்போவதை நீலக்கட்டத்தில் காட்டத்தான் காட்டினார்கள்.
சரி என்று அழுத்தியது நான்.
வெட்டாமல், வெள்ளை ஓரம் விட்டு
என்று கீழே பொடி எழுத்தில் இருந்ததைத்
தள்ளிவிட்டுப் போனதும் நான்.

விட்டுப்போனது யார்?
ஒருத்தியும் ஒப்புக்கொள்ளவில்லை.
பதினொரு பேரும் பத்துப் பேருக்குள்
தங்களைக் கண்டுபிடித்துக்கொண்டு
வீட்டுக்குப் போனார்கள்.

ராத்திரி போனில் அந்தப் படத்தைப் பெரிதாக்கினேன்.
வலது ஓரம். பச்சைச் சட்டை.
கிழிந்த பையில் ஊக்கு குத்தியிருந்தது.
அந்த ஊக்கு இப்போதும்
என் தாலிக்கயிற்றில் இருக்கிறது.

மறுநாள் வல்லத்தில் சண்முகக்கனி கேட்டாள்:
உன் வீட்டுல மாட்டிட்டியா? அதுல நீ எது?

நடுவில், பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறது, என்றேன்.

முனியசெல்வி என்னையே பார்த்தாள்.
பிறகு கண்ணாடியை
மூக்குவரை இறக்கிக்கொண்டு
குதித்தாள்.