தயாரிப்பு: ஜெ.

திரையில் எழுத்து போடுகிறவன் நான்.
ஷார்ஜா தொழிற்பேட்டையில், டயர் குடோனுக்கு மேல்
மூன்று அறை ஸ்டுடியோ.
ஏசி நின்றால் ரப்பர் நாறும்.
வெள்ளிதோறும் ஒன்றரை மணி நேரம்
'கடல் தாண்டி ஒரு வாழ்த்து.'
பிறந்தநாள், மணநாள், காதுகுத்து.
சஜ்ஜாவிலிருந்தும் சோனாப்பூரிலிருந்தும்
ஷிப்ட் முடிந்த குரல்கள்.

முடிவில் மேலேறும் பட்டியலில்
டீ வாங்கி வரும் பையனுக்குக்கூட முழுப் பெயர்.
கடைசி வரி மட்டும்
தயாரிப்பு: ஜெ.
"புள்ளியை மறந்துடாதே முபாரக்,
அதுக்குள்ளதான் நான் குடியிருக்கேன்."

அடையாள அட்டையில் இருந்த பெயருக்கும் ஜெ.
தனக்குத் தானே வைத்துக்கொண்ட
ஜெசிந்தாவுக்கும் ஜெ.
முதல் பெயரை இங்கே எழுத மாட்டேன்.
எழுத்து போடுகிறவனுக்கு
அவ்வளவு உரிமையாவது வேண்டும்.

வந்தார், திட்டினார், பிரியாணி வாங்கித் தந்தார்:
நம் பாஷையின் அந்த 'ஆர்'
அந்த ஊர் வெயிலில் அவருக்குக் கிடைத்த குடை.
கணக்குப் பிரிவு மட்டும்
மிஸ்டர் போட்டு மடல் அனுப்பும்.

ஒருநாள் நானே கேட்டேன்,
ஜெ.வுக்குப் பதில் ஆய்த எழுத்து போடலாமா என்று.
சிரித்துவிட்டார்.
"உயிரும் இல்ல, மெய்யும் இல்லன்னு
எவனாவது கட்டுரை எழுதுவான்.
எனக்கு ரெண்டும் இருக்குடா.
ரெண்டு மாசமா சம்பளம்தான் இல்ல."

நேயர் நன்றி சொன்ன பிறகு
இணைப்பு அறுபடும் முன் கொஞ்சம் மிஞ்சும்.
போனை வைக்க மனசில்லாத மூச்சு,
மேல்கட்டிலில் யாரோ புரள்வது,
பின்வாங்கும் கிரேனின் பீப்.
ஒளிபரப்புக்கு உதவாது. நான் வெட்டிப் போடுவேன்.
அவர் பொறுக்கிக்கொள்வார்,
தேதியும் கேம்ப் எண்ணும் குறித்து.
பதினோரு வருஷம்.

அல் கூஸில் ஒரு கிடங்கை
மூன்று இரவுக்கு இரவல் தந்தார்கள்.
நான்கு புரொஜெக்டர், அதில் இரண்டு கடன்.
சுவரில் மனிதர் யாரும் இல்லை.
நிகழ்ச்சி தொடங்கும் முன் வருமே வண்ணப் பட்டைகள்,
அவை மட்டும், மெதுவாக,
கொடியில் காய்ந்து வெளுத்த லுங்கிகளின் நிறத்துக்கு
இறங்கிக்கொண்டிருந்தன.
ஒலி: வெட்டிப்போட்ட மூச்சு, நாற்பத்தொரு நிமிடம்.

முதல் இரவு வந்தவர்கள்
ஒயிலாகத் தலையசைத்துப் போனார்கள்.
இரண்டாம் இரவு ஒரு வேனில்
சீருடையோடு இருபது பேர்.
மூன்றாவது ஸ்பீக்கர் முன்னால்
ஒருவர் நின்றுவிட்டார்.
"இது எங்க ரூம் ஃபேனு.
இப்படித்தான் டிக் டிக்னு அடிக்கும்.
சொல்லிச் சொல்லிப் பாத்தோம், மாத்தவே இல்ல."
மூச்சும் அவருடையதாக இருக்கலாம். அதை அவர் கேட்கவில்லை.
ஜெ. அவர் பக்கத்திலேயே நின்றார்,
நாற்பத்தொரு நிமிடமும்.
சட்டைக் காலருக்குள் அன்று ஒரு பாசிச்சரம்.
வாசலுக்கு வருமுன் கழற்றி
பர்ஸில் போட்டுக்கொண்டார்.

ஏப்ரலில் சேனல் கைமாறியது.
விசா ரத்துக்குக் கையெழுத்து போட்டுவிட்டு வந்தவர்
கடைசி நிகழ்ச்சிக்கு அரைமணி முன்னால்
என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.
"முழுசாப் போடு."

போட்டேன்.
விரல் தடுமாறி
'ஜெசிந்த' வரை வந்து நின்றது,
பிறகு கால் போட்டேன்.
நகைக்கடை விளம்பரம் பாதித் திரையைத் தின்ன
பட்டியலை வேகமாக ஏற்றிவிட்டார்கள்.
எண்ணிப் பார்த்தேன்: முப்பத்தேழு ஃபிரேம்.
ஒன்றரை நொடிகூட முழுசாய் இல்லை.

எல்லாம் முடிந்த பிறகு போன் அடித்தது.
முஸஃபாவிலிருந்து.
"தங்கச்சி மகளுக்கு அடுத்த வெள்ளி வாழ்த்து சொல்லணும்.
ஜெசிந்தா மேடம் இருக்காங்களா?"

நீட்டினேன்.
பிள்ளை பெயர், எந்த வகுப்பு, என்ன கலர் பிடிக்கும்,
எல்லாம் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார்.
அடுத்த வெள்ளி கிடையாது என்று
சொல்லவே இல்லை.
அந்தப் பக்கம் நன்றி சொல்லியாயிற்று.
இருவருமே வைக்கவில்லை.

பதிவுப் பொத்தானை
நான் எப்போதோ அழுத்தியிருந்தேன்.