கிளாம்பு

கம்பம்மெட்டுக்கு இன்னும் ஏழு வளைவு இருக்கையில்
ரேடியேட்டரின் மேல் ஓஸ் வயிறு கிழிந்து
வெந்நீரைத் துப்பியது.
மணி ஆறரை. ஐப்பசி மூடுபனி.
ஜீப்புக்குள் பதினோரு பெண்கள்,
பதினோரு தூக்குச்சட்டி,
எல்லோருக்குமாக ஒரு பெரிய ஃபிளாஸ்க்.

புது ஓஸ் இருந்தது என்னிடம்.
சித்திரையில் தேனியில் வாங்கி
சீட்டுக்கு அடியில் ஜாக்கியோடு படுக்கவைத்தது.
தொண்ணூத்தி நாலு மாடல் கமாண்டருக்கு
அச்சு அசல் இதுதான் என்றார் கடைக்காரர்.
அசல்தான்.
வாய் மட்டும் ஒரு நெல் அளவு சிறிசு.

ரப்பருக்கு வாய் சிறுத்தால்
மனுசனுக்கு வாய் நீளும்.
கடைக்காரரைத் திட்டினேன், அவர் தராசைத் திட்டினேன்,
பாலாப் பக்கம் எங்கோ நின்று
இதற்குப் பால் கொடுத்த மரத்தைத் திட்டினேன்.
தூங்கும் பிள்ளைக்குச் சட்டை மாட்டுவது மாதிரி
இந்தப் பக்கம் ஏற்றினால்
அந்தப் பக்கம் உருவிக்கொண்டு வந்தது.

ஏலக்காய்க் கறை போக வைத்திருந்த
சோப்பு டப்பாவை நீட்டினாள் ஒச்சம்மா.
வழுக்கியது,
என் கைதான் வழுக்கியது.
எஞ்சின் ஆயில் தடவேன் என்றது ஒரு குரல்.
ஆயில் பட்டால் ரப்பர் ஊதிப்போகும் என்றேன்,
எல்லாம் தெரிந்தவன் போல.

எட்டரை தாண்டினால் அரைச் சம்பளம்.
எஸ்டேட் சூப்பர்வைசர் ஷாஜனுக்குப் போன் போட்டால்
வளைவின் இந்தக் கரையில் தமிழில் ஒருத்தி
தொடர்பு எல்லைக்கு வெளியே என்றாள்,
நாலடி தள்ளிப்போய் நின்றால்
அதையே மலையாளத்தில் சொன்னாள்.

விருமாயி ஒன்றும் பேசாமல் இறங்கி வந்தாள்.
ஃபிளாஸ்கைத் திறந்து
பத்து மணிக்கென்று போட்டிருந்த வரட்டீயைத்
தன் தூக்குச்சட்டியில் ஊற்றினாள்.
சோற்றை எங்கே மாற்றினாள், நான் பார்க்கவில்லை.
ஓஸின் வாயை அதில் முக்கிப் பிடித்தாள்
ஒரு வெற்றிலை மெல்லும் நேரம்.
"இப்ப மாட்டு."

மாட்டினேன்.
ப்ளக்கென்று ஏறிக்கொண்டது.
முட்டித் தோல் போனதுகூட உறைக்கவில்லை.
அப்போது கடைசி சீட்டிலிருந்து
கார்த்தியாயினி மகள் கேட்டாள்:
"அண்ணே, அந்த வளையம்?"

கிளாம்பு பம்பர் மேல் உட்கார்ந்து
எங்களோடு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.
முழு வட்டம். பிரித்து மாட்ட வழியில்லாத பழைய ரகம்.
ஓஸுக்கு முன்னால் அது போயிருக்க வேண்டும்.

முதலில் யாரும் சிரிக்கவில்லை.
பிறகு பதினோரு பேரும் சிரித்தார்கள்,
கீழே ஆறாவது வளைவில் ஏறிக்கொண்டிருந்த
வைக்கோல் லாரிக்காரன்
தலையை வெளியே நீட்டிப் பார்க்கும் அளவுக்கு.

மீதி டீ ஆறிக்கொண்டிருந்தது.
கழற்றுவது மாட்டுவதைவிடக் கஷ்டம்.
கழற்றி, வளையத்தைக் கோர்த்து,
வெதுவெதுப்பில் முக்கி, முழங்காலால் முட்டுக்கொடுத்து,
திருப்புளி வளையும்வரை முறுக்கினேன்.

குடிதண்ணீர் பாட்டில்கள் ஒவ்வொன்றாக
ரேடியேட்டருக்குள் போயின. போதவில்லை.
ரப்பர் நாறும் டீயையும் ஊற்றினாள் விருமாயி.
இவர்கள் வெல்லத்தைத் தனியாகக் கடித்துக்கொள்வார்கள்,
அது எஞ்சின் செய்த புண்ணியம்.

செக்போஸ்ட்டில் போலீஸ்காரர்
மூக்கை உறிஞ்சிவிட்டு,
"கட்டன் உண்டோ?" என்றார்.
விருமாயி பானெட்டைக் காட்டினாள்.

எட்டு ஐம்பது என்று எழுதினான் ஷாஜன்.
பதினோரு அரை நாள்.

பழைய ஓஸ் ஆடியிலேயே உப்பியிருந்தது.
தொட்டும் பார்த்திருக்கிறேன்.
இன்னும் ஒரு மாசம் ஓடும் என்று
தினமும் அதன் வயிற்றுக்கு மேலே பானெட்டை மூடியிருக்கிறேன்.
இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

சாயங்காலம் இறங்கும்போது
காலி ஃபிளாஸ்கை என் பக்கத்து சீட்டில்
சாய்த்து வைத்தாள் விருமாயி.
"நாளைக்கு நீ நிரப்பிட்டு வா" என்றாள்,
ரோட்டைப் பார்த்தபடி.