எந்தப் பன்னிரண்டு

ஐந்தாம் தேதி மதியம்
ஆறாம் தேதிப் பனியை வாரிவிட்டார் எய்லிஃப்.
பதிவேடு அப்படித்தான் சொல்கிறது.

நான் ஆஸ்லௌக். வர்தோ நகராட்சி,
சாலைப் பிரிவு, இரண்டாவது மேஜை.
பனி வாரும் வண்டிகளின் பதிவேடுகள்
ஈரக் கையுறை வாசனையோடு என்னிடம் வரும்.
எத்தனை லிட்டர் டீசல், எவ்வளவு சரளை,
காற்று எந்தப் பக்கம்.

5ஆம் தேதி, 10.40, துறைமுகச் சாலை.
6ஆம் தேதி, 14.10, சுரங்க வாய்.
6ஆம் தேதி, 09.30, பள்ளிக்கூட மேடு.
நேரமெல்லாம் சரி.
காலையில் உண்மை பேசும் தேதி
சாப்பாட்டுக்குப் பிறகு
ஒரு நாள் முந்திக்கொள்கிறது.

விடியாத மாதம் இது.
நவம்பரில் போன சூரியன்
ஜனவரி மூன்றாம் வாரம்தான் தலை நீட்டும்.
நண்பகலில் தெற்கே ஒரு நீலக் கசிவு,
புயலடித்தால் அதுவும் கிடையாது.
உச்சிப் பன்னிரண்டையும் ராப்பன்னிரண்டையும்
ஒரே கரியால்தான் எழுதுகிறது வானம்.

காய்ச்சலில் இரண்டு நாள் படுத்திருந்தாராம்.
கையசைவில் ஓடும் கடிகாரம்,
கை அசையவில்லை, நின்றுவிட்டது.
எழுந்து உட்கார்ந்து ஆறு மணி வைத்திருக்கிறார்.
எந்த ஆறு என்று முள் கேட்கவில்லை.
முள்ளுக்குத் தெரியாது.
மூன்று மணிக்குப் பக்கத்தில்
மொச்சை அளவு ஜன்னல் இருக்கிறதே,
அதற்குள் சுழலும் வட்டுக்குத்தான் தெரியும்
இது இரவா பகலா என்று.

"இன்று பன்னிரண்டுக்கு அதையே பாருங்கள்" என்றேன்.
பத்தாம் தேதி, என் மேஜையின் மூலையில்
ரொட்டியில் மீன்முட்டைப் பசையைப் பிதுக்கியபடி பார்த்தார்.
பத்து மெல்லச் சரிந்தது.
பாதிப் பத்தும் பாதிப் பதினொன்றுமாய்
கொஞ்ச நேரம் எதுவுமில்லாத தேதி.
பிறகு பதினொன்று.
வெளியே என் சுவரில் பத்து.
அவர் மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

முள்ளை ஒரு முழுச் சுற்று சுற்றலாம்.
தேதியைத்தான் குறைக்க முடியாது,
வட்டு முன்னால் மட்டுமே போகும்.
ஒரு நாள் பின்வாங்க
முப்பது நாள் முன்னேற வேண்டும்,
முப்பத்தொன்றைத் தாண்டி, ஒன்றிலிருந்து மறுபடி.
"கிறிஸ்துமஸ் ஒரு நொடியில் போய்விடுமே" என்றார்.
சிரிக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

அப்புறம் கேட்டார்:
"அன்றைக்கு உங்கள் ஃபோனில் பேசினேனே,
ஜோஸ்டெய்னுக்கு. அது எட்டா, ஒன்பதா?"

எட்டு. மதியம் ஒன்றரை.
பெர்கனில் இருக்கும் மகனுக்கு
ஒன்பதாம் தேதி பிறந்தநாள்.
பத்தாம் தேதி ஞாபகம் வருகிறவர்,
சில வருஷம் பன்னிரண்டாம் தேதி.
ஒலிவாங்கிக்கு வெளியே வரை வந்தது பையனின் குரல்,
கரகரவென்று, நாற்பது வயதுக்குப் பொருந்தாத குரல்:
"இந்த வருஷம் நீங்கள்தான் முதல் ஆள், அப்பா."
அவன் திருத்தவில்லை.
நானும் நாள்காட்டியைப் பார்த்துவிட்டு
ஸ்டேப்ளரைத் தேடத் தொடங்கினேன்.

"நினைவில்லை" என்றேன்.
"காலையா மதியமா என்றுகூட நினைவில்லை."
என்னை ஒரு கணம் பார்த்தார்,
சரளை போட்ட சாலையைப் பார்ப்பது போல.

14.10க்குக் கிளம்பும்போது
திருகை நகத்தால் இழுத்தார். நொடிமுள் நின்றது.
"சுற்றப் போவதில்லை.
பன்னிரண்டு மணி நேரம் இப்படியே நிற்கட்டும்.
நாள் நடந்து வந்து சேரட்டும்."
நின்ற கடிகாரத்தையே கட்டிக்கொண்டு போனார்.

இன்று காலை வந்த பதிவேட்டில்:
11ஆம் தேதி, 02.10. காற்று வடகிழக்கு.
சுரங்க வாய் சுத்தம்.
வண்டியை ஓரங்கட்டித் திருகை உள்ளே தள்ளினேன்.

டீசல் கட்டம் காலி.
கூப்பிட்டுக் கேட்க வேண்டும்,
தூங்கி எழுந்த பிறகு.