நிறுத்திவைப்பு

வாளையார் சோதனைச்சாவடியில் இருபத்தாறு வருடம்
புகைக்குழாய்களின் உயரத்தில் உட்கார்ந்திருந்தேன்.
சிமென்ட், கோழி, வைக்கோல், தேக்கு,
தார்ப்பாய்க்கடியில் என்னவென்று
ஓட்டுநருக்கே தெரியாத சரக்கு.
இன்ஜினை அணைக்கச் சொன்னால் அணைக்கமாட்டார்கள்,
முன்வண்டி நகர்ந்துவிடுமே என்று.

பிறகொரு ஜூலையில், நள்ளிரவு,
வரியெல்லாம் ஒன்றென்று சொல்லிவிட்டார்கள்.
கம்பத்தைத் தூக்கினோம். அது இறங்கவே இல்லை.
அதே மழைக்காலத்தில்தான்
எனக்குள் எதுவோ அடைத்துக்கொண்டது.

நான் பீடி குடித்தவனில்லை.
எந்த டாக்டரிடமும் முதலில் இதைச் சொல்லிவிடுவேன்,
லஞ்சம் வாங்காதவன் சொல்வதுபோல.
அது முழு உண்மையில்லை
என்பது வேறு விஷயம்.

இப்போது குளியலறை பதினோரு எட்டில் இருக்கிறது.
நடுவழியில் ஒரு நாற்காலி போட்டிருக்கிறாள் அமராவதி.
சட்டை போடுவது ஒரு வேலை.
பொத்தான் இன்னொரு வேலை.

கோயமுத்தூரில் ஒரு கண்ணாடிக் கட்டடம்.
நிகிலன் என்று சட்டையில் பெயர் குத்திய பையன் விளக்கினான்:
என் இடுப்பெலும்பில் ஊசி இறக்கி
மஜ்ஜை எடுத்து
ஸ்டெம் செல்லை மட்டும் பிரித்து
என் நரம்பு வழியாக எனக்கே அனுப்புவார்களாம்.
"உங்க சரக்கு உங்களுக்கே வருது, சார்."
நான்கரை லட்சம். இரண்டு தவணை.
படத்தில் ஒரு நுரையீரல்
பங்குனிப் புங்கமாய்த் தளிர்த்திருந்தது.

பழக்கம் விடுமா, கேட்டேன்:
எங்கே ஏற்றுகிறீர்கள், எங்கே இறக்குவீர்கள்,
வழியில் சரக்கு மாறாது என்பதற்கு யார் பொறுப்பு,
அனுமதியில் யார் கையெழுத்து?
சிரித்தான். தண்ணீர் கொடுத்தான்.

பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் டாக்டர் ஷைனி இட்டூப்,
மலையாளத்தை மெதுவாகப் பேசினால்
தமிழாகிவிடும் என்று நம்புகிறவர்.
"அது நெஞ்சில போய் நிக்கும், சரிதான்.
ரெண்டு மூணு திவசம். பின்னே மிக்கதும் காணாது."
உள்ளே வந்ததற்குப் பதிவு உண்டு,
வெளியேறியதற்கு இல்லை. எனக்குப் புரிந்தது.
"ஆராய்ச்சி நடக்குண்டு. பலிக்காதுன்னு ஞான் பறயலை.
ஆனா ஆராய்ச்சிக்காரங்க நோயாளிகிட்ட
காசு வாங்க மாட்டாங்க, கேட்டோ."

அதற்குள் எட்டிமடை மனைக்கு
ஆள் பார்த்து வைத்திருந்தாள் அமராவதி.
திரும்பும் பஸ்ஸில் கஞ்சிக்கோடு தாண்டும்வரை பேசவில்லை.
பிறகு ஜன்னலிடம் சொன்னாள்:
"அந்தம்மா மூச்சு விட்டுக்கிட்டே சொல்றாங்க."

மொய்தூட்டிக்குப் போன் போட்டேன்.
முப்பது வருடம் அரிசி லாரி ஓட்டியவர்,
போன வருடம் பணம் கட்டியவர்.
"முதல் மாசம் மாடி ஏறினேன், சாரே."
இப்ப?
பதில் வரவில்லை.
அந்தப் பக்கம் அவருடைய ஆக்சிஜன் மெஷின்,
இந்தப் பக்கம் என்னுடையது,
இரண்டும் கொஞ்சநேரம் பேசிக்கொண்டிருந்தன.

இன்வெர்ட்டர் வாங்கினோம்.
கரண்ட் போனால் நாலு மணிநேரம் மெஷின் ஓடும்.
காலையில் பழைய சாவடித் திட்டில் ஆறு நிமிட நடை;
டாக்டர் கணக்கு.
அமராவதி கையில் போன் பிடித்து நேரம் பார்ப்பாள்.
நூற்றெழுபது மீட்டர்.
போன வெள்ளி நூற்றெண்பத்தொன்று.
நேற்று நூற்று அறுபது.
கணவாய் வழியே ஆடிக்காற்று
சீட்டு எதுவும் காட்டாமல் கடந்துபோகிறது,
பாதிகூட என்னிடம் நிற்பதில்லை.

அந்தக் கண்ணாடிக் கட்டடத்துத் தாளை
மேசையறையில் வைத்திருக்கிறேன்.
மேலே, பழைய கையெழுத்தில்:
ஆவணம் குறைவு. நிறுத்திவைக்கப்படுகிறது.

"வேண்டாம்னு எழுதலையா?"
அதற்கு வேறு முத்திரை என்றேன்.
"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"இதுல வண்டி
திரும்பிப் போகாது."

அதைச் சொல்ல
இரண்டு மூச்சு பிடித்தது.