வீடு காட்டும் வாரம்

வாசலிலேயே மூக்கைச் சுருக்கினாள் ஐரின் தே.
கருவாடு வேண்டாம், அக்கா.
பெலாச்சானும் ரெண்டு வாரத்துக்கு வேண்டாம்.
சாமிப் படங்கள் பழைய துண்டில் சுற்றி
வாஷிங் மெஷினுக்குள் போயின.
முருகன் மட்டும் தலைகீழ்.
மன்னிப்புக் கேட்டு மூடியைச் சாத்தி
சுவிட்சைத் தொடாதே என்று
சீட்டு ஒட்டினேன்.

வாடகை சோபாவில் நாங்கள் உட்காரக் கூடாது.
கண்ணாடிக் கிண்ணத்தில் ஏழு எலுமிச்சை,
ஆறு பிளாஸ்டிக்.
நிஜமான ஒன்றை ராத்திரி
சுகுமாறன் பிழிந்து குடித்துவிட்டார்.
காலையில் அதற்கொரு சண்டை.

அறை பெரிதாகத் தெரியவேண்டுமாம்.
அலமாரியை நகர்த்தினார்கள்.
பின்னால் ஒரு ஜன்னல்.
காலை வெயில் முகத்தில் அடிக்கிறதென்று
குடிவந்த வாரமே நாங்கள் மறைத்தது.
பதினோரு வருடத் தூசியைத் துடைத்தால்
பாலம். கடல்.
பட்டர்வொர்த் பக்கம் போகிற லாரிகள்.
துணியைக் கையில் வைத்துக்கொண்டு
நின்றுவிட்டேன்.

ஆட்கள் பார்க்க வரும்போதெல்லாம்
கீழே காரில் இருப்போம்,
ஏர்கோன் போடாமல்.
கெலுகோர் வெயில் தெரியுமில்லையா.
பதினாலாம் மாடியில் யாரோ
அந்த ஜன்னலைத் திறந்து
கையை வெளியே நீட்டுகிறார்கள்.

நேற்று வந்த பெண் கேட்டாளாம்,
இவ்வளவு நல்ல வீட்டை ஏன் விற்கிறார்கள்?
பெரிய வீட்டுக்குப் போகிறார்கள்
என்றாளாம் ஐரின்.

பேங்க் கடிதங்கள்
சோபா மெத்தைக்கு அடியில்தான் இருந்தன.
அவள் அதில் உட்கார்ந்தாளா என்று
நான் கேட்கவில்லை.

சுகுமாறன்தான் கேட்டார்,
ஸ்டியரிங்கைப் பார்த்தபடி:
எத்தனை ரூமாம்?